கண்டிச் சரிவில் ஒரு முற்றம்

நாற்சார் வீடு என்றால் யாழ்ப்பாணத்தவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை. நாற்புறமும் தாழ்வாரம், நடுவே வானம் பார்த்த முற்றம். வெயிலிற் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, நிழற்புறத்துக் குளிர்காற்று அவ்விடத்தை நிரப்ப உள்ளே வரும். நெல் காய்வதும் அங்கேதான். மணவறை எழுவதும் அங்கேதான். கண்டிச் சீமையின் பழைய பிரபுக்கள் வாழ்ந்த 'வளவ்வ' இல்லங்களிலும் இவ்வமைப்பைக் காண்கிறோம். நடுமுற்றத்தைச் சிங்களத்தில் 'மெத மிதுல' என்பர். 'வளவ்வ' என்ற பெயரே நம் 'வளவு' என்னுஞ் சொல்லின் வழி வந்ததென அறிஞர் சிலர் கூறுவது நமக்கு உவப்பான செய்தி.

ஆயினும், முற்றத்துக்குச் சமதரை வேண்டுமே! சுமார் 1,600 அடி உயரத்தில், வாவியைச் சுற்றிக் குன்றுகள் நெருங்கி நிற்கும் கண்டியில் அதற்கு எங்கே போவது? மலையை வெட்டித் தட்டையாக்குவதே இன்று பலர் கைக்கொள்ளும் வழி. வெட்டிய சரிவு மாரியில் நீர் குடித்து இளகி, வீட்டையும் வீட்டாரையும் கொண்டுபோகும் செய்திகளை நாம் அடிக்கடி படிக்கின்றோம்.

வேறு விடை கண்டவர், 1918இல் கண்டியிலே பிறந்த மினெற் டி சில்வா அம்மையார். பம்பாயிலும் இலண்டனிலும் பயின்று, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண்மணி அவர். தாயகம் திரும்பி அவர் அமைத்த முதல் இல்லம், 1951இல் கண்டிச் சரிவொன்றில் நிறைவுற்ற கருணாரத்தின இல்லம். மலையைத் தட்டையாக்காமல், வீட்டின் தளங்களையே சரிவுக்கேற்ப அரைமாடி வேறுபாட்டிற் படிப்படியாக இறக்கினார். காற்றை அழைத்தல், சுற்றத்தைக் கூட்டுதல் என்னும் முற்றத்தின் தொழில்களை, திறந்த விறாந்தைகளும் ஒன்றோடொன்று கலக்கும் கூடங்களும் ஏற்றுக்கொண்டன. கொங்கிறீற்றுக்கும் கண்ணாடிக்கும் பக்கத்திலே தும்பறை நெசவாளரின் கைவண்ணமும், ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் இடம்பெற்றன. பின்னர், கொழும்பின் சமதரையில் அவர் அமைத்த பீரிஸ் இல்லத்தில் நடுமுற்றம் முற்றமாகவே மீண்டது.

நம் மனத்தை மிகக் கவர்வது, கண்டி நகரை அடுத்த வட்டபுலுவக் குடியிருப்பு. அரச ஊழியர்க்கென அமைந்த இதில் ஏறக்குறைய 250 வீடுகள். குடியேறவிருந்த சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோரிடம் வினாப்பத்திரம் கொடுத்தும், கூட்டங் கூட்டியும், அவரவர் வாழ்க்கை முறையைக் கேட்டறிந்த பின்பே அம்மையார் வீடுகளை வகுத்தார். இனக்கலவரத்தால் நாடு தலைகுனிந்த 1958ஆம் ஆண்டிலே இக்குடியிருப்பு உருவானது என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

ஜெப்ரி பாவா கொழும்பில் ஏனா டி சில்வா அம்மையாருக்கென 1962இல் முடித்த முற்றவீட்டைப் பிற்காலத்தில் பகுதி பகுதியாகப் பெயர்த்தெடுத்து, பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையில் மீள நிறுத்தினர். மினெற் அம்மையார் 1998இல் மறைந்தார். கண்டியில் அவர் வாழ்ந்த 'செயின்ற் ஜோர்ஜஸ்' இல்லமோ, கூரை இழந்து காடு மண்டிப் பாழடைந்தது.