அக்கினி மலையில் ஜலம்

அண்ணாமலை அணைந்துபோன எரிமலை என்று நம்முடைய நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்வார். பஞ்சபூத ஸ்தலங்களில் அக்கினிக்கு உரியதல்லவா? அப்படியானால் உச்சியில் ஏரி எங்கே என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

எரிமலை ஏரிக்கு சுமத்ராவிலுள்ள தோபாவைப் பார்க்க வேண்டும். சுமார் 74,000 வருஷங்களுக்கு முன் அங்கே பூமி வெடித்தது. அடியிலிருந்த நெருப்புக் குழம்பு வெளியேறியதும் மேல்தளம் உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கிற்று. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில், 60 மைல் நீளத்துக்கு இன்று ஜலம் நிற்கிறது. அன்று பறந்த சாம்பல் ஆந்திர தேசத்து ஜ்வாலாபுரத்தில்கூடப் படிந்திருக்கிறது. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!

அண்ணாமலை அப்படி வெடித்த மலையன்று. பூமியின் ஆழத்தில், இருநூறு கோடி வருஷங்களுக்கும் முன்பு உருவான பாறை அது. மேலே மூடியிருந்தவை காலப்போக்கில் கரைந்துபோக, வெளியே தெரிகிறது. 2,670 அடி உயரமிருந்தும் மழையை ஏந்த ஒரு கிண்ணம் அதனிடம் இல்லை. பாறை வெடிப்புகளில் இறங்கும் சிறிதளவு நீர்தான் சுனையாகக் கசியும். கோடையில் விருபாக்ஷ குகையருகே நீர் கிட்டாததால் ரமண மகரிஷி மாமரக் குகைக்குப் போய்விடுவாராம். பிறகு 1916 முதல் 1922 வரை அவர் வசித்த கந்தாசிரமத்தருகே ஊற்று உண்டு. மலைமேல் வாசம் செய்யத் தவத்தோடு தண்ணீரும் வேண்டியிருக்கிறது!

மிச்ச மழையெல்லாம் சரிவில் ஓடி இறங்குவதுதான். எரிமலை செய்யாத வேலையை இங்கே மனிதர் மண்வெட்டியால் செய்தார்கள். ஆசிரமத்தை ஒட்டிய பலாக்கொத்துத் தீர்த்தமும், சற்றுத் தொலைவிலுள்ள சமுத்திரம் ஏரியும் அப்படி வந்தவை.

பாறைமேல் மண் மெல்லிய போர்வை. மரமிருந்தால் அது நிற்கும்; நீரும் நிதானமாக இறங்கும். மொட்டையாகிப்போன சரிவுகளில் 1980-களின் இறுதியிலிருந்து சிலர் மரம் வைத்து வருகிறார்கள். ஆயினும் 2024 டிசம்பர் 1-ந் தேதி, பெஞ்சல் புயல் மழையில் ஊறிய சரிவு பெயர்ந்து, பாறையும் சேறுமாக வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள்.

அதற்குப்பின் ஒருநாள், மலையிலிருந்து இறங்கும் ஓடையொன்றைப் பின்தொடர்ந்து நடந்தோம். பாதி வழியில் ஒரு மதில் குறுக்கிட்டது. மழைக்காலத்தில் தண்ணீர் எப்பக்கம் போகும் என்று விசாரித்தோம். அங்கிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.