புஸ்வாணத்துக்குச் சட்டை தைப்பது எப்படி?

"பி.காம் படிக்கிற உனக்குக் கூம்பு, உருளையெல்லாம் எதுக்குடா?" என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். விருதுநகர் மாவட்டத்தில் பிறந்துவிட்டு லேபிளைப் பற்றி எழுதாமல் இருந்தால் எப்படி?

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் சுலபம். பெட்டியின் பக்கமும் தட்டை, தாளும் தட்டை. பட்டாசில்தான் வளைவு வருகிறது. குழாய் வடிவ வெடி என்றால் பரவாயில்லை, ஒரு செவ்வகத் தாள் போதும். விட்டம் 2 செ.மீ. என்றால் சுற்றளவு 6.28 செ.மீ. பசை தடவ அரை செ.மீ. கூட்டிக்கொண்டால் வேலை முடிந்தது.

புஸ்வாணம் கூம்பு. அதற்குச் செவ்வகத் தாளைச் சுற்றினால் எழுத்தெல்லாம் கோணலாக மேலே ஏறும். அடி விட்டம் 6 செ.மீ., சாய்வு உயரம் 12 செ.மீ. என்று வையுங்கள். கூம்பை வெட்டி விரித்தால் சரியாகக் கால் வட்டம் வரும். ஆக, எழுத்தையும் படத்தையும் கம்ப்யூட்டரிலேயே வில் மாதிரி வளைத்துத்தான் வரைய வேண்டும்.

பந்து என்றால் எந்தக் கணக்கும் உதவாது. தாள் சுருங்காமல், கிழியாமல் பந்தின் மேல் படியாது என்று காஸ் 1827-லேயே நிரூபித்துவிட்டார். அதனால்தான் 1507-ல் வால்ட்சீமுல்லர் தன் பூகோள உருண்டைக்குப் படத்தை 12 கீற்றுகளாக அச்சடித்தார். இன்றைய ரைனோ மென்பொருளிலும் இதற்கு இரண்டு தனிக் கட்டளைகள். உருளை, கூம்புக்கு 'அன்ரோல்'. பந்து மாதிரி வடிவங்களுக்கு 'ஸ்மாஷ்', அதாவது நசுக்கு! அதில் வரும் அளவு தோராயம்தான்.

சரி, இதில் காமர்ஸ் எங்கே? எங்கள் தெரு அண்ணன் ஒருவர் அச்சகத்தில் டிசைனர். (அச்சகத்தின் பெயர் வேண்டாம்.) சீசன் நேரத்தில் கூம்பு லேபிளைச் செவ்வகமாகவே போடச் சொன்னார்கள். சரிவராது என்று அண்ணன் சொல்லியும் கேட்கவில்லை, அவசரம் என்று ஓட்டிவிட்டார்கள். ஒட்டிப் பார்த்தால், தள்ளி நின்று கொளுத்தச் சொல்லும் எச்சரிக்கை வரி மடிப்புக்கு அடியில் போய்விட்டது. அத்தனையும் கழிவு. பணத்தை அண்ணன் சம்பளத்தில் பிடித்தார்கள்.

வளைந்த லேபிளை வெட்டும்போது ஓரத்தில் விழும் துண்டுத்தாள், காஸ்டிங் பாடத்தில் 'நார்மல் லாஸ்'. அதை லேபிளின் அடக்க விலையிலேயே சேர்த்துவிடலாம். அண்ணன் விஷயத்தில் நடந்தது 'அப்நார்மல் லாஸ்'. அதை நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கில் எழுத வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். தொழிலாளியின் சம்பளத்தில் எழுதலாம் என்று எந்தப் பக்கத்திலும் நான் படிக்கவில்லை. நீங்கள் யாராவது படித்திருந்தால் சொல்லுங்கள்.