மைக்ரோமீட்டரும் நாலாவது இட்லியும்

ஓசூர் சிப்காட் கம்பெனி ஒன்றில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பீஸை ஒதுக்கிவிடுவேன். ஒருநாள் கேன்டீனில் ஒருத்தன், "என்ன சார், தொப்பையா?" என்றான். போச்சு! அந்தக் கறார் என் தட்டுக்கும் வந்துவிட்டது. நாலு இட்லி இரண்டானது, ஒன்றானது, அப்புறம் பாதியானது. பெல்ட்டில் புதுசாய் மூன்று ஓட்டை.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்த அம்மா, "ஏண்டா, சோத்தையுமா அளப்பே?" என்று அழுதாள். எனக்கோ பெருமை. நைட் ஷிப்டில் மயங்கி விழும்வரை!

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, எதிலும் பிசகக்கூடாதுங்கிற குணம் இந்தப் பட்டினி நோய்க்கு ரொம்பத் தோது. அவசரக்காரங்களா இருந்தா, அள்ளித் தின்னுட்டு வாந்தியெடுக்கிற பக்கம் சாய்வாங்க. குணமே நோயில்லை. ஆனா பட்டினி மனசையும் திருகிடும். 1945-ல மின்னசோட்டாவில 36 ஆரோக்கியமான வாலிபர்களை அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார் ஆன்சல் கீஸ். சிலர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பிச்சுட்டாங்க!"

சுருக்கென்றது. ராத்திரியில் நானும் சமையல் குறிப்புதான் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மைக்ரோமீட்டர் கம்பெனியோடு சரி. அம்மா நாலாவது இட்லி வைக்கும்போது கை தானாக மறைக்கப் போகும். அடக்கிக்கொண்டு, "சட்னி?" என்கிறேன்.