கோபிநத்தத்து மாரியம்மன்

வன அதிகாரி ஸ்ரீநிவாஸ் எழுப்பிய மாரியம்மன் கோயிலை மறுபடி ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்ற தாபமே, பெங்களூரில் நரைத்துப்போன என்னைக் கோபிநத்தத்துக்கு இழுத்து வந்தது. தமிழ் பேசும் ஜனங்கள் வாழும் அந்தக் கர்நாடக எல்லைக் கிராமத்தில் காட்டுக் கொள்ளைக்காரன் வீரப்பன் பிறந்தான் என்ற ஒரே காரணத்தால், 2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமார் அவனால் கடத்தப்பட்டு, 108 நாட்கள் வனத்தில் சிறையிருந்த காலத்தில், பெங்களூரில் பிழைத்த நாங்கள் ஊர்ப்பெயரை உச்சரிக்கவே அஞ்சினோம்.

தெருக்கள் மாறிவிட்டன. மலைகள் சூழ்ந்த ஏரி மட்டும் முன்போலவே ரம்மியமாக விரிந்திருக்க, அதன்மேல் பரிசலேறி உலாவும் உல்லாசப் பிரயாணிகள், வீரப்பன் எங்கே ஒளிந்திருந்தான் என்பதையே ஆவலோடு விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

கொள்ளைக்காரனைப் பிடிக்க வந்த வன அதிகாரியான பி. ஸ்ரீநிவாஸ், அவன் சொந்த ஊரிலேயே தங்கி, ஏழைகளின் வைத்தியத்துக்கும் குடியிருப்புக்கும் வழிசெய்து, அம்மனுக்குக் கோயிலும் எழுப்பி, அவனுடைய கூட்டாளிகள் சிலரைச் சரணடையவும் செய்து, கடைசியில் அவனும் சரணடைவான் என்ற வார்த்தையை நம்பி, 1991 நவம்பர் 10 அன்று நிராயுதபாணியாகக் காட்டுக்குள் சென்று கொலையுண்டார். அடுத்த ஆண்டு அரசு அவருக்குக் கீர்த்தி சக்கரம் அளித்தது. மனிதனை மனிதன் நம்பலாம் என்று உயிரையே பணயம் வைத்தவரின் சரித்திரமன்றோ இந்த ஏரிக்கரையில் முதலில் சொல்லப்பட வேண்டியது!

கோயில் வாசலில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பற்றிக்கொண்டு, "அவரு போனதுக்கப்புறம் இந்தப் பக்கமும் அடி, அந்தப் பக்கமும் அடி, கண்ணு. காட்டுல இருந்தவனுக்குச் சோறு போட்டியான்னு ஒருத்தன் கேப்பான்; ஏன் போடலைன்னு இன்னொருத்தன் கேப்பான்" என்றாள். அந்த வருஷங்களில் நான் தூர நகரத்தில் பத்திரமாக இருந்தேன் என்ற நினைவு நெஞ்சை உறுத்த, அவளருகே நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தேன்.

மாலையில், பரிசல் ஓட்டும் உள்ளூர் வாலிபன் ஒருவனிடம், வருகிறவர்களுக்கு ஸ்ரீநிவாஸைப் பற்றி ஏன் சொல்வதில்லை என்று கேட்டேன்.

"கேட்டாச் சொல்லுவேனுங்கண்ணா. யாருமே அவரப் பத்திக் கேக்கறதில்லீங்க" என்றான்.