காற்றுக்கு அஞ்சிய நாள்கள்

இயற்கையின் மடியில் சற்று நேரம் அமர்ந்தால் மனம் அமைதியடையும் என்று பலரும் எழுதுகிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இயற்கையே ஒருவனை நடுங்க வைத்துவிட்ட பிறகு அவன் எங்கே போய் அமர்வது? சில ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு வாழ்ந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் அதிராம்பட்டினம் வந்து பத்து நாள்கள்கூட ஆகியிருக்கவில்லை. அன்றிரவு காற்றின் ஓசையை எதனோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. அண்டை வீட்டுத் தகரக் கூரை எங்கள் முற்றத்தில் வந்து விழுந்தபோது, ஓதிக்கொண்டிருந்த உம்மாவின் குரல் ஒரு கணம் நின்று மீண்டும் தொடர்ந்தது. அது மட்டும் இன்றும் காதில் இருக்கிறது.

விடிந்ததும் வாப்பாவுடன் தோப்புக்குச் சென்றேன். இரண்டு ஏக்கரில் 140 தென்னைகள். அவற்றுள் நின்றவை ஒன்பது. மற்றவை ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்தன. வாப்பா ‘இன்னா லில்லாஹ்’ சொன்னார்கள். பிறகு ஒன்றும் பேசவில்லை. ஜும்ஆவுக்கு நேரமாயிற்று என்று திரும்பிவிட்டோம். ஸுப்ஹு தொழுகைக்குப் பின் நாள்தோறும் தோப்பில் அமர்வது அவர்களது நாற்பதாண்டு வழக்கம். கையில் தஸ்பீஹ் மணிகூட இராது. மரங்களையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிறுவயதில், “என்ன வாப்பா பாக்குறீங்க?” என்று கேட்டால், “பேசாம உக்காரு, நீயும் பாரு” என்பார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர்கள் தோப்புப் பக்கம் போகவில்லை.

எனக்கோ உறக்கம் போயிற்று. கீற்றசைந்தால் நெஞ்சு படபடக்கும். பள்ளிவாசலில் மின்விசிறி வேகமெடுத்தால் தொழுகையில் என்ன ஓதுகிறேன் என்பதே மறந்துபோகும். விடுப்பை நீட்டினேன், வேலை கைநழுவியது. உறவினர் ஒருவர், “ஈமான் பலமா இருந்தா இப்படி வராது” என்றார். அந்தச் சொல் புயலைவிட ஆழமாகத் தைத்தது. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாவல் தேடி நபி (ஸல்) அவர்களே துஆ செய்திருக்கிறார்கள் என்பதை அன்று அவருக்கு எடுத்துச் சொல்லும் தெம்பு எனக்கில்லை. தஞ்சாவூரில் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். மாத்திரைகள் தந்தார், அவை உதவின. இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. கூடவே, காலையில் மரஞ்செடிகளுக்கிடையே நடக்கவும் சொன்னார். தோப்பு மையவாடியைப் போலக் கிடந்த நேரத்தில் அந்த அறிவுரை எனக்குக் கசந்தது.

பிப்ரவரியில் நண்பர் ஒருவர் வற்புறுத்தி முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு அழைத்துச் சென்றார். ஜாம்புவானோடையிலிருந்து படகில் சென்றோம். பாமணியாறு, கோரையாறு முதலிய காவிரியின் கிளையாறுகள் கடலைத் தொடுமிடம் அது. பசுமையை எதிர்பார்த்தவனுக்குப் பழுப்பே தெரிந்தது. இலையுதிர்ந்து, கிளை முறிந்து, காடே நோயுற்றதுபோல் நின்றது. ஆயினும் சேற்றிலிருந்து மேல்நோக்கி எழுந்த மூச்சு வேர்கள் ஆயிரக்கணக்கில் அப்படியே இருந்தன. சேற்றுக்குள் காற்று புகாது. ஆகவே அந்த மரம் வேரையே வெளியே நீட்டிக் காற்றை வாங்கிக்கொள்கிறது. படகோட்டி, தளிர்விட்டிருந்த ஒரு கிளையிலிருந்து இலையைக் கிள்ளி, “நாக்குல வச்சுப் பாருங்க பாய்” என்றார். உப்பு. வேர் வழியே ஏறிய உப்பை அந்த மரம் இலை வழியே வெளியேற்றிவிடுகிறதாம். எந்தக் காற்றுக்கு நான் அஞ்சினேனோ, அதைத்தான் அந்த வேர்கள் தலைதூக்கி அருந்திக்கொண்டிருந்தன. படகு நின்றது. நண்பர் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்று மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்ற சொல் நான் முயலாமலே நாவில் வந்தது.

வீட்டுக்கு வந்து ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 190, 191ஆம் வசனங்களை மீண்டும் ஓதிப் பார்த்தேன். நின்றும் இருந்தும் படுத்தும் இறைவனை நினைப்போர், வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்திப்போர் பற்றிய வசனங்கள் அவை. எத்தனையோ முறை கேட்டவைதாம். அந்தச் சிந்தனை எங்கே போய் முடிகிறது என்பதை மட்டும் நான் கவனித்ததில்லை. ‘எத்தனை அழகு’ என்ற வியப்போடு அது நின்றுவிடுவதில்லை. நரக வேதனையிலிருந்து காப்பாயாக என்ற மன்றாட்டில் போய் முடிகிறது. காலை வணக்கச் செய்தியோடு வாட்ஸ்அப்பில் வரும் அருவிப் படங்களில் இந்த அச்சம் இருப்பதில்லை. தஃபக்குர் என்றால் இதமாக இருக்கும் என்றே நானும் எண்ணியிருந்தேன்.

ஆனி மாதம் ஒருநாள் இரவு பலத்த காற்று. எழுந்து திண்ணையில் அமர்ந்தேன். வாப்பாவும் விழித்துத்தான் இருந்தார்கள். வெகுநேரம் கழித்து, மேகமோ காற்றோ எழுந்தால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும், உள்ளும் வெளியுமாக நடப்பார்கள், மழை பொழிந்த பிறகே அந்தக் கலக்கம் தீரும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த ஹதீஸைச் சொன்னார்கள். “ரசூலுல்லாவே பயந்திருக்காங்க. நமக்கு என்ன மகனே?” என்றார்கள். பிறகு, காற்றின் நன்மையைக் கேட்டு, அதன் தீமையிலிருந்து பாதுகாவல் தேடும் துஆவை இருவரும் ஓதினோம். அவர்கள் குரலும் நடுங்கியது. அவர்களும் என்னைப் போலவே அஞ்சியிருந்தார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஆடியில் வாப்பா தாமாகவே தோப்புக்குப் புறப்பட்டார்கள். அறுபது தென்னம்பிள்ளைகள் வைத்தோம். எழுபதைக் கடந்தவர் நெட்டை ரகத்தையே தேர்ந்தெடுத்ததைக் கண்டு கன்று விற்றவருக்கு வியப்பு. அது காய்க்க ஆறேழு ஆண்டுகளாகும். “குட்டை ரகம் வச்சா நீங்களே பறிக்கலாமே பாய்” என்றார். வாப்பா சிரித்துக்கொண்டு காசை எண்ணிக் கொடுத்தார்கள். 2022இல் அவர்கள் வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களின் கபுரை ஒளிமயமாக்குவானாக.

இப்போது ஸுப்ஹுக்குப் பின் அந்த இடத்தில் நான் அமர்கிறேன். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிடுவேன். எல்லா நாளும் மனம் அடங்கிவிடுவதில்லை. சில நாள் கடன் கணக்கு ஓடும். சில நாள் கொசுக்கடி. காற்று சற்று வேகமெடுத்தால் இன்றும் எழுந்து நின்றுவிடுகிறேன். துஆவை ஓதிவிட்டு மீண்டும் அமர்கிறேன். சென்ற மாதம் மேற்கு வரிசையில் மூன்றாவது பிள்ளை முதல் பாளையை விட்டிருந்தது. உம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று காட்டினேன். அண்ணாந்து பார்த்தவர்கள், “பேசாம நில்லு” என்றார்கள்.