மாமாவுக்குக் காய்ச்சல்!

எங்கள் உறவில் ஒருவருக்குப் பதினைந்து வருஷமாகக் காய்ச்சல் இருந்தது. எந்தத் தெர்மாமீட்டரிலும் ஏறாத காய்ச்சல்!

பெரம்பலூருக்குக் கிழக்கே இருக்கும் குன்னத்தில் என் அத்தையும் மாமாவும் வசிக்கிறார்கள். பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் பூமி. பருத்தி விற்ற பணம் கைக்கு வந்தால் போதும், மாமாவுக்குக் காய்ச்சல் கண்டுவிடும். உறவினர் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை? காய்ச்சல். சொஸைட்டிக் கடனுக்கு ஏன் தவணை கட்டவில்லை? காய்ச்சல். என்ன காய்ச்சல் என்று இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். சாயங்காலம் கடையில் வாங்கி, ராத்திரி திண்ணையில் விழுந்து, காலையில் எழுந்திருக்க முடியாமல் போகிற காய்ச்சல்தான்.

அத்தையை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கடனுக்குத் தவணை கேட்டு எழுத வேண்டிய கடிதங்களையெல்லாம் காலேஜில் படித்த மருமகளான நான்தான் எழுதிக் கொடுப்பேன். "கடும் ஜுரத்தால் படுத்த படுக்கையாக இருப்பதால்..." என்று உருக்கமாக ஆரம்பிப்பேன். பத்திரிகையில் என் கதை எதுவும் வருவதற்கு முன்பே நான் எழுதிய கற்பனைக் கதைகள் அவை!

ஓர் ஆடி மாதம் மாமா கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கூடத் தொடவில்லை. வீடே பூரித்துப் போயிற்று. மூன்றாம் நாள் அவருக்குக் கை நடுங்கியது. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றார். பிறகு வலிப்பு வந்துவிட்டது. பெரம்பலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கிருந்த டாக்டர் சொன்னதை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சாராயம் மூளையை மந்தப்படுத்துகிறது. வருஷக்கணக்கில் குடிப்பவரின் மூளை அதை எதிர்த்துச் சதா முறுக்கேறியே இருக்கப் பழகிவிடுகிறது. திடீரென்று குடியை நிறுத்தினால் அந்த முறுக்கு அடங்காது. இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. "சத்தியம் செய்தது நல்லதுதான் அம்மா. ஆனால் ரொம்ப நாள் குடித்தவர் டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான் நிறுத்த வேண்டும்" என்றார் அவர்.

அவர் யோசனைப்படி சென்னையில் ஒரு மையத்தில் சேர்த்தோம். ஒரு மாதம் அங்கேயே தங்க வேண்டும். முதல் சில நாட்கள் நடுக்கம் அடங்க மருந்தும், குடியால் உடம்பில் வற்றிப்போன தயமின் என்ற வைட்டமின் ஊசியும் போட்டார்கள். அதன் பிறகு விடிந்தால் தியானம், வகுப்பு, வட்டமாக உட்கார்ந்து பேச்சு. வகுப்பு எடுத்தவரே ஒரு காலத்தில் குடித்தவராம்! பன்னிரண்டு வருஷமாகத் தொடவில்லை என்றார். எங்கள் உபதேசம் எதற்கும் மசியாத மாமா அவர் பேசும்போது தலை குனிந்து கேட்டார்.

இரண்டு வாரம் அத்தையும் வர வேண்டும் என்றார்கள். அத்தைக்கு வந்ததே கோபம்! "ஏன் பாப்பா, குடிச்சது அவரு. வைத்தியம் எனக்கா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. பிரபலமான டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் குடிப்பழக்கத்துக்குப் பலியாகி 1979-ல் இளம் வயதிலேயே காலமானார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் துக்கத்தோடு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. மறு வருஷமே, 1980-ல், கணவர் பெயரால் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். மனைவியாகக் கஷ்டப்பட்டவர் அல்லவா? குடிப்பவரோடு அவர் குடும்பத்துக்கும் அங்கே சிகிச்சை உண்டு. பட்டணம் வர முடியாதவர்களுக்காகத் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் போட்டார்கள். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். குடியை விட்ட பில், பாப் என்ற இருவர் 1935-ல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிச் சங்கம் 1951-ல் பிறந்தது. அதைத் தொடங்கிய இரு பெண்களில் ஒருவர் பில்லின் மனைவி லோயிஸ்!

நானும் லீவு போட்டு அத்தைக்குத் துணையாகப் போனேன். "அவர் குடித்ததை மறைக்க நீங்கள் என்னென்ன செய்தீர்கள்?" என்று ஒரு நாள் கேட்டார்கள். அத்தை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். கை விரல்கள் போதவில்லை. கடைசியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "அவரு மானத்தைக் காப்பாத்தறதா நினைச்சேன். அவரு குடியைத்தான் காப்பாத்தியிருக்கேன்" என்று அழுதார். அடுத்தபடி என்னைப் பார்த்தார்கள். நான் எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். அவ்வளவு வெட்கத்தோடு நான் எங்கேயும் பேசியதில்லை.

ஒரு மாதம் முடிந்து ஊர் திரும்பினார்கள். மையத்தில் ஜெயிப்பது சுலபம். குன்னத்தில் கடை அதே இடத்தில் இருக்கிறது, சிநேகிதர்களும் அப்படியே இருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் மாமா சறுக்கிவிட்டார். மறுநாள் காலையில் பங்காளி ஒருவர் வாசலில் வந்து கூப்பிட்டாராம். உள்ளே படுத்திருந்த மாமா, வழக்கமான பதிலை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நேத்து குடிச்சிட்டாரு அண்ணே. இன்னிக்கு மறுபடி மையத்துக்குப் போறோம்" என்றார் அத்தை.

"அன்னிக்கு அவ காய்ச்சல்னு சொல்லியிருந்தா, மறுநாளும் குடிச்சிருப்பேன்" என்று மாமாவே பின்னால் என்னிடம் சொன்னார். அதன் பிறகு அவர் தொடவில்லை. அடுத்த மாதத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு 'காய்ச்சல்' இருந்தால் மூடி வைக்காதீர்கள். 14446 என்ற தேசிய உதவி எண்ணில் யோசனை கேட்கலாம். சேர்க்கும் இடம் பதிவு பெற்றதா, டாக்டர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அடித்துப் பூட்டி வைக்கிற இடமாக இருந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள். 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் குடிநோயாளியையும் மரியாதையோடு நடத்தச் சொல்கிறது.

போன வாரம் குன்னத்துக்குப் போன் செய்து, "மாமா எங்கே அத்தை?" என்று கேட்டேன்.

"படுத்திருக்காரு. காய்ச்சல்."

எனக்குப் பேச்சே வரவில்லை. அத்தைக்குப் புரிந்துவிட்டது. கலகலவென்று சிரித்தார்.

"நெசக் காய்ச்சல்தான் பாப்பா! நூத்தி ஒண்ணு காட்டுது. களத்திலே கிடந்த மக்காச்சோளத்தை மழைக்கு மூடறேன்னு நனைஞ்சுட்டாரு. கஞ்சி வச்சுக்கிட்டிருக்கேன், அப்புறம் பேசு."

ஒருவருக்குக் காய்ச்சல் என்று கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்!