சந்நிதி மணலில் வெறுங்காலோடு

யாழ்ப்பாணத்திலிருந்து அச்சுவேலி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் தொண்டைமானாறு வரும் முன்பே காற்றில் உப்பு வாசம் அடிக்கும். ஆறு என்று பெயர்தான். உண்மையில் அது வடமராட்சிக் கடல்நீரேரி வடகடலோடு சேருகிற வாய். கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றுவதற்காக வெட்டி ஆழமாக்குவித்தான், அதனால் இந்தப் பெயர் என்பார்கள் ஊரவர். இப்போது வாயில் தடுப்பணை நிற்கிறது. மாரியில் கதவைத் திறந்து வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள். பிறகு மூடிவிட்டால் கடல்நீர் உள்ளே ஏறாது, அயல் கிணறுகள் உவராகாது.

ஆற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன். பெரிய கோபுரம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இங்கே மூலத்தானத்தில் வேல்தான். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்யும் கப்பூகர்கள், ஆலமிலையில் படைக்கும் அமுது, சுற்றிவர மடங்கள், எங்கும் மணல். எனக்குப் பயம் அந்த மணல்தான்.

இயக்கத்தில் இருந்தபோது, 2008 இல், எறிகணையில் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. 2009 இற்குப் பிறகு தடுப்பில் இருந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா சந்நிதியானுக்கு நேர்த்தி வைத்திருந்தா. "நீ உன்ரை காலாலை நடந்து வந்து கும்பிட வேணும் பிள்ளை" என்றா. எந்தக் காலால் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

முதலில் கிடைத்த செயற்கைக் கால் சப்பாத்தோடு நடப்பதற்கென்று அமைத்தது. கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் குதி உயரம் குறைந்து, உடம்பு பின்னுக்குச் சாய்ந்து, சனத்துக்கு நடுவே விழுந்தேன். நோவை விட வெட்கம்தான் கூட. அதற்குப் பிறகு நெடுங்காலம் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை.

பிறகுதான் 1987 முதல் இயங்கிவரும் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்துக்கு ஒரு அக்கா கூட்டிப்போனா. "எனக்கு வெறுங்காலோடு சந்நிதிக்குப் போகவேணும்" என்றேன். சிரிக்காமல் கேட்டார்கள். அந்தப் பாதமே அதற்கென்று பிறந்ததாம். இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் பி.கே.சேதியும் 1968 இல் இதை உருவாக்கினார்கள். வெளிநாட்டுக் கால்கள் சப்பாத்துக்குள் இருக்கச் செய்தவை. நம் சனமோ வெறுங்காலோடு நடக்கும், வயலில் நிற்கும், சப்பாணி கட்டி இருக்கும். ஆகவே றப்பரால், தண்ணீர் பட்டாலும் கெடாத பாதம் செய்தார்கள். 1981 இல் விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன் திரும்பவும் நடனமாடியது இந்தப் பாதத்தோடுதான்.

மணலில் நடக்கப் பழக எனக்கு மாதங்கள் எடுத்தது. இரவில் தண்டுக்கால் கொப்பளித்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 இல் டோக்கியோ பராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து தங்கம் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அவர் இராணுவத்தில் இருந்து போரில் கையில் காயப்பட்டவர். கைதட்ட எனக்கு மனம் வரவில்லை. சனலை மாற்றவும் மனம் வரவில்லை. காயப்பட்ட சிப்பாய்க்குச் சம்பளமும் பயிற்சித் திடலும் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு அவை இல்லை. ஆனால் விடிய எழும்பி அந்த உடம்போடு முதல் அடி வைப்பது அவருக்கும் எனக்கும் ஒன்றுதான் என்று அன்று தோன்றியது.

இப்போது முடிந்த வெள்ளிகளில் சந்நிதிக்குப் போகிறேன். அன்னதானக் கந்தன் அல்லவா, மடத்தில் மரக்கறி வெட்ட எப்போதும் கை தேவை. சப்பாணி கட்டி இருந்து பூசணிக்காய் வெட்டுவேன். ஒருநாள் பக்கத்தில் இருந்த அம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தா. அவவுக்குச் சீனி வருத்தத்தால் கால் எடுத்து மூன்று மாதம். ஊன்றுகோலோடு வந்திருந்தா.

"பிள்ளை, இது நோகாதோ?"

"நோகும் அம்மா. சரியாய்க் கட்டினால் குறையும்."

கத்தியை வைத்துவிட்டு, பின்னாலிருந்த அறையில் கட்டிக் காட்டினேன். இழுபடும் பண்டேஜை நுனியிலிருந்து மேலே எட்டு வடிவில் சுற்ற வேண்டும். நுனியில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கக் கூடாது, மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும். பின்பக்கத்தை மாலையில் சிறு கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சீனி உள்ளவர்களுக்குப் புண் வந்தாலும் தெரியாது.

அவவோடு சேர்த்து நான் ஜெய்ப்பூர் நிலையத்துக்குக் கூட்டிப்போனவர்கள் ஏழு பேர். எல்லோரும் போரில் காயப்பட்டவர்கள் இல்லை. முன்பு அது எனக்கு ஏதோ வேறுபாடாகத் தெரிந்தது.

மே மாதமளவில் இங்கிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்படும். கிழக்குக் கரையோரமாகப் போய், காடு தாண்டி, வாரக்கணக்கான நடை. வேலைத் தூக்கிக்கொண்டு அவர்கள் புறப்படும்போது நானும் கூடப் போவேன், பாலம் மட்டும்தான். போன வருடம் அந்த அம்மா புதுக்காலோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தா. பாலத்தில் நின்று, "அடுத்த முறை அந்தப் பக்கம் மட்டும் போவம்" என்றா. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் திரும்பினோம்.